பத்துக்கு எட்டு

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் செய்ததை மட்டும் சொன்னால், "இவளெல்லாம் ஒரு பொம்பளையா" என்று கேட்பீர்கள். சொன்ன பிறகும் கேட்கலாம். அது உங்கள் இஷ்டம்.

என் பெயர் துர்காதேவி. விடியற்காலை நாலே முக்காலுக்குப் புதுப்பட்டினம் கடைத்தெரு முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. நான் இன்ஸ்பெக்ஷன் லைன். டிரே டிரேயாக வளையம் வரும். ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்து, ஓகே, ரிஜெக்ட், ஓகே, ஓகே, ரிஜெக்ட். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுமாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஏசி ரூமில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்திருப்பான். ஒரு தப்பான வளையத்தைப் பாஸ் பண்ணிவிட்டால் மெமோ. பதினொரு வருஷத்தில் எனக்கு ஒரு மெமோ கிடையாது. துர்கா பார்த்த டிரேயைத் திருப்பிப் பார்க்க வேண்டாம் என்று லைன் லீடரே சொல்வார்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, முழங்காலுக்குக் கீழே இருப்பது என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி வீங்கியிருக்கும்.

என் வீட்டுக்காரர் கோதண்டராமன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வந்ததும் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கினார். அந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும்தான் அவருடைய பிழைப்பு. ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலமாக எங்கள் ஊரிலேயே ஒரு பாங்கு வாசலில் கன்மேன். நகை அடகு வைக்க வருகிற மீன்காரப் பெண்கள் அவரை "பட்டாளத்தாரே" என்று கூப்பிடுவார்கள். மனிதர் அதற்காகவே மீசையைத் தினமும் ஒழுங்கு பண்ணிக்கொண்டு போவார். ஒரே பெண் பிரபாவை மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். பாங்குக் காவலுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்கு ஏஜென்சி மனு கொடுக்க வேண்டும். ஏஜென்சி மறந்துவிட்டது. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. இவர் கையில் ஒரு லத்தியைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். ஐம்பத்தாறு வயசில் மனிதர் கூனிப் போனதை அந்த வாரம்தான் பார்த்தேன்.

அதற்கு மேல் ஒரு கடிதம். ஐம்பது தாண்டின கன்மேன்களுக்கெல்லாம் தேர்தல் முடிந்ததும் சுடும் பரீட்சையாம். பத்துத் தோட்டா. அதில் எட்டுத் தோட்டாவாவது கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். விழுந்தால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கன்மேன் வேலை. விழாவிட்டால் ஏடிஎம் வாசலில் வாட்ச்மேன், லத்தியோடு, அதுவும் அவர்கள் அனுப்புகிற ஊரில்.

மூன்று வருஷம் என்றதும் என் காலுக்குத்தான் முதலில் காது முளைத்தது. அவருக்கு அது கிடைத்துவிட்டால், தீபாவளியோடு கம்பெனிக்குக் கும்பிடு போட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன். அவரிடமும் சொன்னேன்.

"வுட்ருமே. நான் பாத்துக்கறேன்," என்றார்.

பார்த்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டுமே! அதற்கு வழி சொன்னவன் மாடியில் குடியிருக்கிற ரோஹித். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், சேலத்துக்காரன். ஒரு ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்கி, நாலு நாள் விளையாடிவிட்டுப் பரண்மேல் போட்டிருந்தான். பார்வைக்கு அசல் ரைஃபிள் மாதிரியே இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் குண்டு, ஜவ்வரிசியை ஊறவைத்த அளவு.

"அங்கிள், இது டாய் மாதிரிதான். ஆனா கண்ணுல பட்டா போச்சு. சுவத்துல பட்டு திரும்பி வரும். கண்ணாடி போடாம தொடாதீங்க, ஆன்ட்டிக்கும் போடுங்க," என்று படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தான்.

நான் சிரித்தேன். பட்டாளத்தில் இருந்த மனிதர் பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடப் போகிறாரா? அவர் சிரிக்கவில்லை. அதை இரண்டு கையாலும் வாங்கி, குழலைத் தரையைப் பார்க்கத் திருப்பி, உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாடிப்படி இறங்கினார்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன் அறையிலிருந்து பார்த்தால் நடை வழியாகப் பின்சுவர் வரைக்கும் தெரியும். பின்சுவர் ஓரம் டிவி வந்த அட்டைப்பெட்டியை நிறுத்தி, உள்ளே என் பழைய சேலை ஒன்றை மடித்துத் தொங்கவிட்டார், குண்டு துளைத்துக்கொண்டு போனால் பிடிக்க. பெட்டி மேலே ஒரு வெள்ளைத் தாள். தாளின் நடுவில் சொம்பு மூடி அளவுக்குக் கறுப்பு வட்டம். அசல் சுடும் ரேஞ்சில் இருபத்தைந்து மீட்டரில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்தக் கணக்குக்குச் சுருக்கி அவரே ஸ்கேல் வைத்து வரைந்தார். நூறு தாள் ஜெராக்ஸ் எடுத்து வந்தார்.

பிறகு சட்டம் போட்டார். நான் மார்க்கர். சமையலறைக் கதவு பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் உள்ளே, சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டும். அவர் முன் அறையில் பாயில் படுத்துச் சுடுவார். சுட்டதும் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு "மார்க்" என்பார். அப்போதுதான் நான் தலையை நீட்டிப் பார்த்து "உள்ள" அல்லது "வெளிய" என்று சொல்ல வேண்டும். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு "சரி" என்றால்தான் அடுத்த குண்டு. பத்துக்கு எட்டு வந்தால் அன்றைக்கு முடிந்தது. வராவிட்டால் தாளை மாற்றிவிட்டு இன்னொரு பத்து.

"ஏன், நீயே எழுந்து வந்து பாத்துக்கயேன்யா. நான் இன்னாத்துக்கு நடுவுல?" என்று கேட்டேன்.

"சுடறவன் டார்கெட்டாண்ட போவக் கூடாதுமே. பட்டாளத்துல அது கெடையவே கெடையாது. போனான்னா அவன் கண்ணு பொய் சொல்லும், தனக்கு சாதகமா. மார்க்கர் சொல்றதுதான் கணக்கு."

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினேன்.

முதல் வாரம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். மூன்று, நாலு, மூன்று, ஒரு நாள் ஐந்து. ஒவ்வொரு சாயங்காலமும் ஐம்பது, அறுபது குண்டு. "மார்க்." எட்டிப் பார். "வெளிய." "சரி." ஒரு பத்துக்குக் கால் மணி நேரம். அடுப்பில் சோறு, கையில் கரண்டி, கண்ணில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கண்ணாடி, அவருக்கும் ஒன்று. ஏழரை மணி வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டிருப்பேன். கம்பெனியில் எட்டு மணி நேரம், வீட்டில் ஒன்றரை மணி நேரம். அதே வேலை. ஓகே, ரிஜெக்ட். இங்கே டீ பிரேக்கும் கிடையாது.

இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு லைனில் ஆள் குறைவு, இரண்டு பேர் டிரேயை நான் ஒருத்தி பார்த்திருந்தேன். பஸ்ஸிலும் உட்கார இடமில்லை. இரண்டு பத்து முடிந்து, மூன்றாவது பத்தில் பாதி. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ரசம் வேறு பொங்கிக்கொண்டிருக்கிறது. "மார்க்" என்றார். எட்டிப் பார்த்தேன். வட்டத்துக்கு இடதுபுறம், இரண்டு விரற்கடை தள்ளி.

"உள்ள," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்ததும் உள்ளே. அதற்கடுத்ததும். பத்துக்கு எட்டு என்றதும் அவர் மெல்ல எழுந்து, குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை அலமாரி மேல் துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. லத்தி வந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம்.

"கை மறக்கலமே," என்றார். "கண்ணு கொஞ்சம் மங்கலா கீது. ஆனா கை தெரிஞ்சி வெச்சிகினுகீது."

அன்றைக்கு ரசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் ஏழு மணிக்கே காலை நீட்டிப் படுத்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் போஜனமும் கிடைத்தது, தூக்கமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு ருசி கண்ட பூனைதான். தினமும் எட்டு. ஒரு நாள் ஏழு சொல்லி இன்னொரு பத்து சுட வைத்தேன், சந்தேகம் வரக் கூடாதென்று. எப்படிப் புத்தி போகிறது பாருங்கள்! ஓட்டைத் தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் தாளை ஒட்டிவிடுவேன். குண்டு சுவரில் பட்டால் சத்தத்தில் கண்டுபிடித்திருப்பார். ஆனால் பெட்டி பெரியது. எல்லாம் பெட்டியில்தான் விழுந்தது, வட்டத்துக்கு வெளியே. உள்ளேயா வெளியேயா என்பது தாளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கம்பெனியில் ஒரு முடி அளவு கீறலுக்கு ரிஜெக்ட் போடுகிறவள், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். கால் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டது. சரி, இன்றைக்கு உண்மையாகவே பார்ப்போம் என்று தோன்றியது. வாயால் "உள்ள, வெளிய" என்று பழையபடி எட்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே, மனசுக்குள் சரியாக எண்ணினேன். பத்துக்கு ஒன்று. முதல் வாரம் நாலு வந்த இடத்தில் ஒன்று. எல்லாமே கீழே, இடது பக்கம். ஒரு டிரேயில் எல்லா வளையமும் ஒரே இடத்தில் நசுங்கியிருந்தால் வளையத்தில் தப்பில்லை, அச்சில்தான் தப்பு என்று எங்களுக்குத் தெரியும். இவருக்கும் கையில் தப்பில்லை. வலது கண்ணில்தான் ஏதோ.

யோசித்தால் எல்லாம் புரிந்தது. சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினால் பாதி வெளியே போகிறது. டியூப் லைட் மங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அது போன மாசம்தான் மாற்றியது. கட்டில் காலில் வலது முழங்காலை இடித்துக்கொண்டே இருக்கிறார்.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். "யோவ், செங்கல்பட்டுல கண்ணாஸ்பத்திரில ஒரு தபா காட்டிகினு வரலாமா?"

"எதுக்கு?"

"மங்கலா கீதுன்னு சொன்னல்ல?"

"சுடறப்ப போடற கண்ணாடி கீறல்மே. அத்த போட்டுகினு பாத்தா அப்டிதான் தெரியும். கண்ணு கெட்டிருந்தா பத்துக்கு எட்டு வருமா? நீயே தான சொல்ற?"

நானேதான் சொல்கிறேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், ஏஜென்சியில் வேறு தேதி கேட்டிருக்கலாம். மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு புதுக் கண்ணாடி எடுத்து வந்து கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. "பளிச்சுனு கீதுமே," என்றார். அன்றைக்கும் எட்டு என்றேன்.

பரீட்சை சனிக்கிழமை, செங்கல்பட்டுக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப்பில். என்னையும் வரச் சொன்னார்.

"நான் இன்னாத்துக்கு?"

"நீ இருந்தா ஒரு தைரியம். கூடவே இருந்து மார்க் போட்ட ஆளுல்ல?"

லீவு போட்டுவிட்டுப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். பிறகு ஒரு சீட்டு கிடைத்தது. என்னை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றார். ஷூவுக்கு அப்படி ஒரு பாலிஷ், அதில் என் முகம் தெரிந்தது. இப்போதாவது சொல்லு, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது.

"தோ, பாரு..." என்றேன்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கறியா?"

ரேஞ்சில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாம் இவர் வயசு. ஒருத்தருக்கொருத்தர் ரெஜிமெண்டு விசாரித்துக்கொண்டு, பல் செட்டை நாக்கால் தள்ளிக்கொண்டு, வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்சி சூப்பர்வைசர் பெயர் ஏசுபாதம், போலீசில் ரிட்டயர் ஆனவர். அவரும் அலுத்துப் போன ஆள்தான். ஒவ்வொரு பெயரையும் கொட்டாவி விட்டுக்கொண்டே கூப்பிட்டார். மண் மேட்டுக்கு முன்னால் டார்கெட்டுகள். அங்கே தடுப்புச் சுவருக்குப் பின்னால் கிளப்பின் மார்க்கர் ஒருவர் கொடியோடு இருந்தார்.

"கோதண்டராமன்."

எழுந்து போனார். கிளப் ரைஃபிளை வாங்கி, உள்ளே பார்த்து, படுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து... பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வேறு யாரும் அப்படிப் படுக்கவில்லை. பத்துத் தோட்டா. ஒவ்வொன்றுக்கும் பிறகு, பழக்கதோஷத்தில், மெதுவாக "மார்க்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

மார்க்கர் போய்ப் பார்த்துவிட்டு, கொடியை இப்படியும் அப்படியும் வீசினார். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஏசுபாதத்திடம் வந்தும் சொன்னார்.

இவர் சிரித்தார். கோபமே இல்லை. "சார், அவுரு பக்கத்து டார்கெட்ட பாக்கறாரு," என்றார்.

"இல்ல கோதண்டம். உங்களோடதுதான். தாள்ல பட்டதே ரெண்டுதான், அதுவும் வெளிய," என்றார் ஏசுபாதம்.

"சார், நான் சொல்றத கேளுங்க. அதோ நிக்கறாங்களே, என் வூட்டுக்காரம்மா. கம்பெனில இன்ஸ்பெக்ஷன். பதினோரு வருஷத்துல ஒரு மெமோ கெடையாது. நாப்பது நாளா வூட்ல எனக்கு மார்க் போட்டது அவங்கதான். தெனம் பத்துக்கு எட்டு. அவங்க போயி பாக்கட்டும். அவங்க வெளியன்னு சொன்னா நான் ஒத்துக்கறேன்."

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளக்காதா என்று இருந்தது. ஏசுபாதம் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, இந்த மனிதரோடு வாதாடுவதைவிட இது சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ, "வாங்கம்மா," என்று முன்னால் நடந்தார்.

இருபத்தைந்து மீட்டர். கம்பெனியில் ஒரு நாளைக்கு அதைப்போல நூறு தடவை நடப்பேன். அன்றைக்கு அந்தப் புல்தரை முடியவே இல்லை. தாளுக்கு முன்னால் போய் நின்றேன். கறுப்பு வட்டம் அப்படியே, மை காயாதது போலப் புதுசாக இருந்தது. கீழே இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஏசுபாதம், குரலைத் தாழ்த்தி. "மனுஷன் தங்கம். ஆனா இது துப்பாக்கி. கூட்டம் இருக்கற எடத்துல நிக்க வெக்கறோம்."

திரும்பினேன். தூரத்தில் இவர் விறைப்பாக நின்றிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவ்வளவு தூரத்தில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும்.

"வெளிய," என்று கத்தினேன். "ரெண்டும் வெளிய."

அவர் குதிகாலைச் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார். "மார்க்கர் சொன்னா சரி சார்," என்றார். ரைஃபிளைக் கிளப்காரரிடம் கொடுத்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று ஏசுபாதம் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"வுடுமே. நீ இன்னா பண்ணுவ? இருந்தத சொன்ன. இன்னிக்கு நேரம் செரியில்ல, அவ்ளோதான். வூட்ல பத்துக்கு எட்டு வந்தது பொய்யா பூடுமா? மூணு மாசம் கழிச்சி இன்னொரு தபா வெக்கறாங்களாம். அதுக்குள்ள ஒம்போது ஆக்கிக் காட்டறேன் பாரு."

மூன்று மாசம் என்று அவர் சொல்ல, என் காலும் மனசும் ஒன்றாகச் சோர்ந்தன. இனி ஒரு "உள்ள" கூட என்னால் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து காபி குடித்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. அலமாரி மேலிருந்து துப்பாக்கியை எடுத்தார். பாயை விரித்தார்.

"இன்னிக்கேவா?" என்றேன்.

"வுட்டா கை மறந்துடும்."

நான் தாளை ஒட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். டப் என்று ஒரு சத்தம்.

"மார்க்."

எட்டிப் பார்த்தேன். "வெளிய."

"சரி" என்றதும் அடுத்தது. "மார்க்."

"வெளிய."

"மார்க்."

"வெளிய. எடது பக்கம், கீழ."

நாலாவது குண்டுக்குப் பிறகு "மார்க்" என்கிற குரல் இறங்கிப் போனது. நான் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் வெளியே. ஒவ்வொரு தடவையும் சத்தமாக, தெளிவாகச் சொன்னேன், கம்பெனியில் சொல்வதைப்போல. ஒன்பதாவது மட்டும் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது. அதை "உள்ள" என்றேன். பத்தாவது வெளியே.

முன் அறையில் குண்டை எடுக்கிற ஓசை கேட்டது. துப்பாக்கியைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது. பிறகு காலடிச் சத்தம். அலமாரிப் பக்கம் போகவில்லை. நடையில், என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்க்க இல்லை. என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். பதினேழு வருஷம் பட்டாளத்திலும், இந்த நாற்பது நாளிலும், ஒரு தடவைகூடச் சுட்ட டார்கெட்டுக்குப் பக்கத்தில் போகாத மனிதர். குனிந்து, முகத்தைத் தாளுக்கு ஒரு சாண் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்து எடுத்தார்.

தாளை நான் தினமும் மாற்றினேன். பெட்டியை மாற்றவில்லை. அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. கீழே இடது பக்கம் அட்டை சல்லடையாகி, பிய்ந்து தொங்கியது. உள்ளே இருந்த என் சேலையின் பச்சைக் கரை வெளியே தெரிந்தது. நடுவில், வட்டம் இருந்த இடத்தில் மட்டும், முதல் வாரத்து ஓட்டைகள் அங்கங்கே. மற்றபடி கடையில் வாங்கின நாளில் இருந்ததைப்போலவே இருந்தது அட்டை.

அவர் அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணை நம்பாமல் விரலால்.

"எத்தினி நாளா?" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது வாரத்துலேந்து."

"ஏன்மே?"

ஆயிரம் சொல்லலாம். உன் மனசு நோகக் கூடாதென்று சொன்னேன், உன் முகம் மலர்ந்ததைப் பார்த்துச் சொன்னேன் என்றெல்லாம் சொல்லலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு பொய்க்குக்கூட என் உடம்பில் தெம்பில்லை.

"கால் வலிச்சிதுய்யா," என்றேன். "நிக்க முடியல. எட்டு வந்தா முடிஞ்சிடும்னு சொன்னல்ல. அதான்."

அவர் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ அவருக்கு.

"நின்னுகினா மார்க் போட்ட, இத்தினி நாளா?" என்றார். "பட்டாளத்துல மார்க்கர் குழில ஒக்காந்துகினுதான்மே மார்க் போடுவான். நின்னு யாரு போட சொன்னாங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஸ்டூல் போட்டிருப்பனே."

யாரும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்ஷன் என்றால் நின்றுதான் என்று பதினொரு வருஷமாக என் உடம்பில் ஏறியிருந்தது. உட்கார்ந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சமையலறைக்குள் போய், கையால் துழாவி, அரிசி டப்பா வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்தார். கதவோரத்தில், நான் நிற்கிற இடத்தில் போட்டார். நான் உட்காரவில்லை. அவரும் சொல்லவில்லை. கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடியே முன் அறைக்குப் போனார்.